மாகின் சொல்லாமல் விட்ட இடம்

1

ஊரிலிருந்து தொலைபேசியில் கதைக்கிறவர்கள் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து சேருவார்கள். "மகனோடை இருக்கிறியள் திரேசக்கா, பிறகென்ன குறை உங்களுக்கு?" பேசாலையிலிருந்து கதைத்தாலும் மன்னார் பட்டினத்திலிருந்து கதைத்தாலும் இதே கேள்விதான். நானும் "ஒரு குறையும் இல்லை, ஆண்டவர் நல்லா வைச்சிருக்கிறார்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். அதில் பாதி பொய். பொய் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனபடியால் இந்த முறை எழுதியே விடுவது என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்து மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு இங்கே அவசரமான வேலை எதுவும் இல்லை.

மொன்றியலில் ஜூலை முதலாம் திகதி வந்தால் ஊரே வீடு மாறும். வாடகை ஒப்பந்தங்கள் அநேகமாக அதற்கு முதல்நாளோடு முடிகிறபடியால் எல்லோரும் ஒரே நாளில் பெட்டி கட்டுவார்கள். தெரு முழுக்க மெத்தையும் கதிரையும் அடுப்பும் கிடக்கும். போன வருடம் அந்த நாளில் என்னுடைய கட்டிலும் தெருவில் கிடந்தது. இந்த வருடம் அதே நாளில் நான் லொங்குய்யில், மகன் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்து, எதிர்வீட்டுக்காரர் சோபா தூக்குவதைப் பார்த்தேன். கீழ்த்தளத்து யன்னல் புல்லின் உயரத்தில் இருப்பதால் தூக்குகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன.

நான் இங்கே நானாக வரவில்லை. கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எப்படிக் கொண்டுவந்தார்கள் என்பதைத்தான் இன்னும் பொறுக்க முடியவில்லை.

2

அதற்கு முன்னே நான் இருந்தது நோத்ர-டாம்-த-கிரேசில், மூன்றாம் மாடியில். மகன் அன்ரன் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எடுத்த வீடு அது. பிறகு என்னையும் என் புருசனையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டான். அவன் கலியாணம் முடித்து, ஆற்றுக்கு அக்கரையில் லொங்குய்யில் வீடு வாங்கிப் போனபோது நாங்கள் அங்கேயே இருந்துவிட்டோம். இவர் செத்த பிறகும் நான் இருந்தேன். வாடகை ஒப்பந்தம் மட்டும் அவன் பெயரிலேயே கிடந்தது. அதை ஒருவரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. பழைய ஒப்பந்தம் என்றபடியால் வாடகை மலிவு. அப்படி ஒரு வீடு இப்போது தேடினாலும் கிடைக்காது என்று கோயிலில் எல்லோரும் சொல்வார்கள்.

அங்கே என் கதவு என் கதவாக இருந்தது. வருகிறவரை உள்ளே விடுவதும் வாசலில் வைத்துக் கதைத்து அனுப்புவதும் என் விருப்பம். மீன் பொரிப்பதும் என் விருப்பம். மாகினைச் சந்தித்ததே மீனால்தான். பொரித்த புகைக்கு எச்சரிக்கை மணி அலறத் தொடங்க, எதிர்க்கதவைத் திறந்துகொண்டு ஒரு ஈரான்காரி விளக்குமாறோடு ஓடிவந்தாள். என்னை அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் நேராக உள்ளே போய் மணியை இரண்டு இடி இடித்து நிற்பாட்டிவிட்டு, சட்டியை எட்டிப் பார்த்து, "எனக்கும் ஒண்டு" என்றாள்.

எங்கள் இருவருக்கும் இடையில் ஓடியது கொஞ்சம் இங்கிலீசு, கொஞ்சம் பிரெஞ்சு, மிச்சம் கையும் முகமும். அதை இங்கே தமிழாக்கித்தான் எழுதுகிறேன். மாகின் தன் நாட்டில் மருந்துக்கடை வைத்திருந்தவள். என்னைப்போல விதவை. என்னைத் 'திரேசா ஜான்' என்று கூப்பிடுவாள். ஜான் என்றால் அவர்களுடைய பாசையில் உயிர் என்று அர்த்தமாம். அவளுக்கு நஸ்ரின் என்று ஒரு மகள். கலியாணம் முறிந்து, ஒரு சின்னப் பிள்ளையோடு, தூரத்தில் யாரோ சிநேகிதியின் வீட்டில் ஒரு அறையில் இருந்தாள். மாகின் அதை நினைத்து அடிக்கடி அழுவாள்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு நான் அவளுடைய வீட்டுக்குப் போவேன். அவள் டிவியில் தங்கள் நாட்டுத் தொடர் ஒன்றைப் போடுவாள். ராசா காலத்துக் காதல் கதை. அரண்மனை வைத்தியரின் மகளுக்கும், அரண்மனையில் மணிக்கூடு திருத்த வருகிற பெடியனுக்கும் விருப்பம். மாகின் எனக்குப் பக்கத்திலிருந்து கதையைச் சொல்லிக்கொண்டு வருவாள். முதல் நாளே நான் கேட்டேன்:

"இந்தப் பிள்ளை ஏன் முக்காட்டோடை படுக்குது? குளிரோ?"

"குளிரில்லை, அரசாங்கம். டிவியிலை பொம்பிளையின்ரை தலைமயிர் தெரியக்கூடாது. குளிச்சிட்டு வந்தாலும் முக்காடு, நித்திரை கொண்டாலும் முக்காடு. என்ரை அம்மா வெங்காயம் பொரிக்கேக்கை மட்டும்தான் தலையை மூடினவ."

இன்னொரு நாள், சண்டைக்குப் போன மகன் திரும்பி வருகிறான். தாய் முற்றம் முழுக்க ஓடிவருகிறாள். ஓடிவந்து மகனை விட்டுவிட்டு அவனுடைய குதிரையின் கழுத்தைக் கட்டிப்பிடித்து அழுகிறாள்.

"மகன் பக்கத்திலை நிக்கிறான், குதிரைக்கு என்ன வந்தது?" என்றேன்.

"நடிக்கிறவை உண்மையிலை தாயும் மகனும் இல்லைத்தானே. ஆம்பிளையும் பொம்பிளையும் தொடக்கூடாது. குதிரையைத் தொடலாம். குதிரைக்கு இன்னும் சட்டம் போடேல்லை."

நான் சிரித்தேன். பக்கத்தில் பார்த்தால் மாகினுடைய கன்னம் நனைந்திருந்தது. அவள் அப்படித்தான். காட்சியை வெட்டுகிற அரசாங்கத்து ஆட்களை வாய் ஓயாமல் திட்டுவாள். வெட்டியது போக மிஞ்சியதைப் பார்த்து அழுவாள்.

பெடியன் தேநீர் குடித்துவிட்டு வைத்த கிளாசை வைத்தியரின் மகள் கழுவவில்லை. அவர்கள் காட்டியது அவ்வளவுதான், தட்டில் ஒரு கழுவாத கிளாஸ். இருவரும் ஒரு சொல் கதைக்கவில்லை, ஒருவரை ஒருவர் பார்க்கவும் இல்லை. மாகின் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு மாதிரித்தான் இருந்தது. நம்முடைய படங்களில் மழையில் நனைந்து மரத்தைச் சுற்றி ஓடினாலும் அந்தச் சூடு வராது.

அரண்மனையில் பாட்டுக் கச்சேரி என்றால் பாட்டு கேட்கும், வாத்தியத்தைக் காட்டமாட்டார்கள். அதையும் காட்டக்கூடாதாம். அதற்குப் பதிலாக ஒரு பூச்சாடியைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். மாகின் சொல்லுவாள்: "பூச்சாடி வந்தால் கண்ணை மூடாதை, திரேசா ஜான். அங்கை ஏதோ நடக்குது. வெட்டின இடத்திலைதான் கதை இருக்கு." அதன்பிறகு எங்கள் இருவருக்கும் அது ஒரு சொல்லாகிவிட்டது. கட்டடக் காவலாளி வாடகை கூடுவதைப்பற்றிக் கேட்டதும் காலநிலை கதைத்தால், படியிறங்கும்போது நான் "பூச்சாடி" என்பேன். அவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

3

இந்த வித்தை எனக்குப் புதிதல்ல என்பதை மாகினுக்குச் சொன்னேன். எங்களுடைய நாட்டுக்கூத்தில் ராணியாக வருவது மீசை வழித்த ஆம்பிளை. அவர் மூச்சு விடாமல் பாடி மயங்கி விழும்போது சனம் உண்மையாகவே அழும். அதைவிட, சண்டைக்காலம் எங்களுக்கு எல்லாம் படிப்பித்துவிட்டது.

அன்ரன் கனடாவுக்குப் போன பிறகு, மன்னாரில் தொலைபேசிக் கடை ஒன்றுக்குத்தான் அழைப்பு எடுப்பான். நான் விடிய வெளிக்கிட்டு வந்து கடை வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பேன். கடைக்குள்ளே சனம், கம்பிக்குள்ளே ஆமி. ஆமிக்காரன் ஒட்டுக்கேட்கிறான் என்று எல்லோருக்கும் தெரியும்.

"அம்மா, அங்கை மழையோ?" என்பான்.

"பெரிய மழை தம்பி. கோயிலுக்குள்ளைதான் படுக்கிறம்."

"மாமா சுகமா இருக்கிறாரோ?"

"மாமா பயணம் போட்டார்."

மழை என்றால் ஷெல். பயணம் என்றால் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். பிறகு, "நீங்கள் நனையாமல் இருங்கோ அம்மா" என்பான். அதற்குள் எல்லாம் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒரு சொல்லும் உண்மை கதைக்கவில்லை, ஒருவரை ஒருவர் ஏமாற்றவும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்தவனைத்தான் ஏமாற்றினோம். அந்தப் பிள்ளையை நான் எப்போதும் அப்படித்தான் நினைத்திருந்தேன், என்னுடைய பக்கத்தில் நிற்கிறவன் என்று.

4

நான் வீடு மாறுவதற்கு முந்தின மாரியில் பஸ் தரிப்பில் பனிக்கட்டி வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். அதிலிருந்து அன்ரன் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிட்டது. வந்தால் என் முகத்தைப் பார்ப்பதற்கு முதல் அடுப்பைப் பார்ப்பான், தரைவிரிப்பின் ஓரத்தைக் காலால் தட்டிப் பார்ப்பான்.

வசந்தகாலத்தில் நலநிலையத்திலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிவந்தான். அவள் பிரெஞ்சில் நீட்டி நீட்டி ஏதோ கேட்டாள். கையால் குளிக்கிறமாதிரி, படி ஏறுகிறமாதிரியெல்லாம் காட்டினாள். அன்ரன் என் பக்கம் திரும்பி, "சுகமா இருக்கிறியளோ எண்டு கேக்கிறா" என்றான்.

"இவ்வளவு நேரமும் அவள் கேட்டது இதையோ?"

"ஓமம்மா. பிரெஞ்சு நீளமான பாசை."

"அப்ப நானும் நீளமாச் சொல்லுறன், நீ கட்டையாச் சொல்லு" என்றேன். அந்தப் பெண் நாங்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்தாள். எனக்கு அப்போது அது பகிடியாகத்தான் இருந்தது.

போகும்போது அவன் சொன்னான்: "அம்மா, உங்கட குளியலறையை உடைச்சுத் திரும்பக் கட்டப்போறாங்களாம். ரெண்டு கிழமைக்கு லொங்குய்யிலை வந்து எங்களோடை நில்லுங்கோ. நல்ல காத்து, முற்றமும் இருக்கு." நானும் சரி என்றேன். இரண்டு கிழமைதானே. அவன் வெளியே போய் மாகினுடைய கதவைத் தட்டி, கனநேரம் நின்று கதைத்து, அவளுடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கித் தன்னுடையதைக் கொடுத்ததையும் கண்டேன். தாயின் சிநேகிதியை விசாரிக்கிற பிள்ளை என்று கோயிலில் இரண்டு பேருக்குப் பெருமையாகச் சொல்லியும் வைத்தேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம். தொடரில் வைத்தியர் செத்துப்போய்விட்டார். மூத்த மகன் வீட்டுக்குப் பெரியவனாகிவிட்டான். முற்றத்தில் குதிரை வண்டி வந்து நிற்கிறது. தமையன் தங்கச்சிக்கு மெல்லிய குரலில், சிரித்த முகத்தோடு ஏதோ சொல்கிறான். சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தித் திறப்பை இடுப்புத் துணிக்குள் சொருகுகிறான். அவள் முற்றத்து மரங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். வேலைக்காரி போர்வையைச் சுருட்டி வண்டியில் வைக்கிறேன் என்று அந்தப் போர்வைக்குள் முகத்தைப் புதைக்கிறாள்.

மாகின் சொன்னாள்: "யாத்திரை போறாள். தமையன் அனுப்புறான். அவளுக்குச் சரியான சந்தோசம்."

நான் டிவியைப் பார்த்தேன். அது சந்தோச முகமல்ல.

"அந்தக் குதிரையைப் பார், என்ன வடிவான நிறம்!" என்றாள் மாகின். "எங்கட ஊரிலை இப்படிக் குதிரை இருந்தது, என்ரை மாமா..." காட்சி ஓடும்போது ஒருநாளும் வேறு கதை கதைக்காதவள், குதிரையின் நிறம், மாமா, மாமாவின் தோட்டம் என்று போய்க்கொண்டே இருந்தாள். பிறகு பாதியில் எழும்பி, தேத்தண்ணி வைக்கிறேன் என்று குசினிக்குள் போய்விட்டாள். காட்சி முடியாமல் அவள் எழும்பியதை நான் அதற்கு முதல் கண்டதில்லை.

நான் தனியாக இருந்து மிச்சத்தைப் பார்த்தேன். வண்டி போய்விட்டது. தமையன் கதவடியில் நின்று கையைத் துடைத்தான். ஒரு சொல்லும் விளங்காத எனக்கு எல்லாம் விளங்கியது. தொடர் மட்டுமல்ல. குளியலறை, நல்ல காற்று, இரண்டு கிழமை, கதவடியில் கனநேரம் நின்ற பேச்சு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து வரிசையில் நின்றன.

மாகின் தட்டோடு வந்தாள்.

"பூச்சாடி" என்றேன்.

அவள் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"தமையன் என்ன சொன்னவன்? உள்ளதைச் சொல்லு."

"ரெண்டு கிழமைக்கு எண்டவன்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "தோட்டத்து வீட்டிலை காத்து நல்லது எண்டவன்."

"பேந்து?"

"பேந்து இல்லை. திரும்பக் கூட்டிக்கொண்டு வரமாட்டான். வீட்டை வேறை ஆருக்கோ குடுத்திட்டான்."

"என்ரை வீட்டை ஆருக்கு?"

அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நஸ்ரினுக்கு" என்றாள்.

பிறகு எல்லாம் சொன்னாள். என் மகன்தான் முதலில் கேட்டானாம். நான் விழுந்த நாளிலிருந்து தனக்கு நித்திரை இல்லை என்றானாம். எப்படியும் வீட்டைக் கைமாற்றப் போகிறானாம். யாரோ தெரியாதவர்களுக்குப் போவதைவிட... அந்த வசனத்தை அவள் முடிக்கவில்லை. எனக்குச் சொல்லவேண்டாம் என்று கெஞ்சினானாம். அவளும் ஒத்துக்கொண்டாளாம். அந்தப் பகுதியை முதல்நாளே தனியாகப் பார்த்துவிட்டாள், அந்தக் காட்சி வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். உள்ளபடி சொன்னால் நான் பிடித்துவிடுவேன் என்று யாத்திரையைப் போட்டிருக்கிறாள். எங்கே வெட்டினாலும் கண்ணைத் திறந்து வை என்று எனக்குச் சொல்லித்தந்தவள் அவள்தான். அதை எப்படி மறந்தாளோ தெரியாது.

தேத்தண்ணியைத் தொடாமல் எழும்பி என் வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினேன்.

5

சனிக்கிழமை அன்ரன் வந்தான். சோறு போட்டுக் கொடுத்தேன். சாப்பிடட்டும் என்று பொறுத்திருந்தேன்.

"குளியலறை எப்ப உடைக்கிறாங்கள் தம்பி?"

"அடுத்த மாசம் அம்மா."

"ஆர் உடைக்கப்போறது? நஸ்ரினோ?"

பிள்ளை கையைக் கழுவாமல் அப்படியே இருந்தான். துறைமுகத்தில் பெரிய லொறி ஓட்டுகிறவன், என் கதிரையில் சின்னப் பெடியன்போலச் சுருங்கிப்போனான்.

"உங்களுக்குச் சொன்னா மாட்டன் எண்டுவியள் அம்மா."

"ஓம். மாட்டன் எண்டுவன். அதுக்காகத்தானே ஆக்களைக் கேக்கிறது."

"நீங்கள் உள்ளுக்கை விழுந்து கிடந்தா ஆருக்குத் தெரியும்?"

"மாகினுக்குத் தெரியும்" என்று வழக்கம்போல வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு வாய் கசந்தது.

"நான் லொறிக்குள்ளை இருப்பன், போன் அடிக்கும். உங்கட கட்டடத்து நம்பரோ எண்டு லொறியை ஓரத்திலை நிப்பாட்டிப்போட்டுப் பாப்பன். உங்களுக்கென்ன தெரியும் அது?"

"இப்பதான் தெரியும். இப்பதான் சொல்லுறாய். பயமாக் கிடக்குதெண்டு அண்டைக்கே வந்து சொல்லியிருந்தா நானே பெட்டியைக் கட்டியிருப்பன்."

கட்டியிருப்பேனோ, சத்தியமாகத் தெரியாது. இரண்டு நாள் கத்தியிருப்பேன், மூன்றாம் நாள் சமைக்காமல் படுத்திருப்பேன். பிறகு கட்டியிருக்கவும் கூடும். ஆனால் அந்தச் சண்டை என்னுடையது. அதைப் பிடிக்க எனக்கு உரிமை இருந்தது. ஆமிக்காரனுக்கு முன்னால் "மழை" என்று கதைத்த பிள்ளை, இந்த முறை என்னையே ஆமிக்காரனாக்கி, எனக்குத் தெரியாமல் மாகினோடு கதைத்திருக்கிறான்.

"அதை மாத்தேலாதோ?" என்று ஒரு தடவை கேட்டேன். ஒரு தடவைதான்.

"வீட்டுக்காரனும் ஓமெண்டிட்டான் அம்மா. அவவும் இருந்த இடத்தை விட்டிட்டா. பிள்ளையோடை நிக்கிறவ."

பிள்ளையோடு நிற்கிறவளைத் தெருவில் விடச்சொல்லி நான் கேட்கமாட்டேன். சோற்றுக்கோப்பையை எடுத்துக் கழுவினேன்.

6

அதற்குப் பிறகு நான் மாகினுக்காகக் காத்திருந்தேன். இதை ஒருவருக்கும் சொன்னதில்லை. ஒவ்வொரு மத்தியானமும் சாப்பிட்டுவிட்டுக் கதவுக்குக் கிட்ட இருந்த கதிரையில் இருப்பேன். அவள் வந்து தட்டி, "நஸ்ரினுக்கு வேறை இடம் பாக்கிறன், நீ இரு" என்று ஒரு சொல் சொல்லவேண்டும். சொன்னால் நான் என்ன சொல்லுவேன் என்பதையும் யோசித்து வைத்திருந்தேன். "வேண்டாம், அந்தப் பிள்ளை வந்து இருக்கட்டும், நான் போறன்" என்று சொல்லுவேன். உண்மையாகச் சொல்லியிருப்பேன். வீட்டைக் கொடுத்தவள் என்று போயிருப்பேன், பறிகொடுத்தவள் என்று அல்ல. கேட்டால் கொடுத்திருக்கக்கூடியதைக் கேட்காமல் எடுத்துவிட்டார்கள்.

அவள் தட்டவே இல்லை. அவளுடைய டிவிச் சத்தமும் கேட்கவில்லை.

ஜூலை முதலாம் திகதி அன்ரனும் அவனுடைய சிநேகிதர்களும் சாமான் இறக்கினார்கள். நான் அடுப்பைச் சுரண்டிக் கழுவிக்கொண்டிருந்தேன். மருமகள் சுகந்தி, "விடுங்கோ மாமி, வாறவை கழுவுவினம்" என்றாள். "என்ரை ஊத்தையை நான்தான் கழுவுவன்" என்றேன். வேறொருத்தி வந்து என் அடுப்பைப் பார்த்து முகம் சுளிக்கக்கூடாது. திரு இருதயப் படத்தைக் கழற்றி, ஆணியையும் பிடுங்கி, அந்தத் துவாரத்தையும் சவர்க்காரத்தால் அடைத்தேன்.

கடைசியாக வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மாகினுடைய கதவில் வெளியே பார்ப்பதற்கு ஒரு சின்னக் கண்ணாடிக் கண் இருக்கிறது. உள்ளே ஆள் இல்லாவிட்டால் அதில் யன்னல் வெளிச்சம் தெரியும். அன்றைக்கு அது கறுப்பாக இருந்தது. நான் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அதுவும் அசையவில்லை. சுகந்தி கீழேயிருந்து கூப்பிட, படியிறங்கிப் போனேன்.

7

இங்கே குறை சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் கரைச்சல். சுகந்தி நல்ல பிள்ளை. "மாமி, மேலை வந்து சாப்பிடுங்கோ" என்று கூப்பிடாமல் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. ஆனால் கீழே இருக்கிறவளுக்குத்தான் மேலே வரச்சொல்லிக் கூப்பிடவேண்டியிருக்கிறது. மீன் பொரிக்கவேண்டுமென்றால் அவளிடம் சொல்லவேண்டும். வாசல் கதவுக்குத் திறப்பு இல்லை, இலக்கம் அமத்தவேண்டும். எனக்கு அது மனதில் நிற்பதில்லை. வேலை இல்லாத ஞாயிறுகளில் அன்ரன் என்னைப் பூசைக்கு ஏற்றிக்கொண்டு போவான், வேலை என்றால் இல்லை. பேத்தி மெலனி பதினைந்து வயது. நான் தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்லிக்கொண்டு மேலே ஏறிப்போவாள். முதல் படியில் தொடங்குகிற பதில் கடைசிப் படியில் முடியும். கெட்ட பிள்ளை அல்ல. அவளுக்கு என்னோடு கதைக்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான்.

மாகினுடைய தொலைபேசி அழைப்பு வந்தால் நான் எடுக்கமாட்டேன். எடுக்காமல் விட்டு விட்டு ஒரு வருடம் போய்விட்டது.

போன வியாழக்கிழமை பின்னேரம் மேலேயிருந்து மெலனி கத்தினாள்: "அப்பம்மா! ஊன் தாம் பூர் துவா!" உன்னைத் தேடி ஒரு பொம்பிளை வந்திருக்கிறாள் என்று அர்த்தம். எட்டிப் பார்த்தேன். மாகின். மெத்ரோவில் மஞ்சள் கோடு பிடித்து, ஆற்றுக்குக் கீழால் வந்து, பிறகு பஸ் எடுத்து வந்திருக்கிறாள். முழங்கால் சரியில்லாதபடியால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக என்னிடம் இறங்கினாள். மெலிந்துபோயிருந்தாள். நான் உதவிக்குப் போகவில்லை. போகாதே என்று என் காலுக்குச் சொல்லிக்கொண்டு நின்றேன்.

இரு என்று சொல்லவில்லை. அவளாக உட்கார்ந்தாள். பையிலிருந்து டப்லெட்டை எடுத்து மேசையில் நிறுத்தினாள்.

"நீ இல்லாமல் மிச்சத்தை நான் பாக்கேல்லை" என்றாள். "மூண்டு பகுதி இருக்கு."

தொடரைப் போட்டாள். தோட்டத்து வீடு. வைத்தியரின் மகள் சுவரோரத்தில் இருக்கிறாள். மாகின் வாயைத் திறந்தாள்.

"நீ சொல்லாதை" என்றேன். "இண்டைக்கு நான் சொல்லுறன். நீ கேள்."

சொல்லத் தொடங்கினேன். இங்கிலீசிலும் இல்லை, பிரெஞ்சிலும் இல்லை, தமிழில். மாகினுக்குத் தமிழில் மீன் என்ற சொல் மட்டும் தெரியும்.

"இந்தப் பிள்ளைக்கு இப்ப ஆரும் வந்தால் கதவு திறக்கிறதுக்கு வேறை ஆக்களைக் கூப்பிடவேணும்" என்றேன். "தமையன் செய்தது தமையன்ரை பயத்திலை. அவனுக்கு நான் திட்டித் தீத்திட்டன், பெத்ததுக்குத் திட்டினால் தீரும். எதிர்வீட்டுக்காரி என்ன செய்தவள்? பக்கத்திலை இருந்து தேத்தண்ணி ஊத்தித் தந்துகொண்டே செய்தவள். அவளிட்டை நான் என்ரை புருசன் செத்த கதை சொன்னனான். அவளின்ரை மகளுக்காக நான் செபமாலை சொன்னனான். ஒருக்கா வந்து கதவைத் தட்டியிருக்கலாம். தட்டியிருந்தால் நான் திறந்திருப்பன். நான் கதிரையிலைதான் இருந்தனான், கதவுக்குக் கிட்டத்தான் இருந்தனான்."

திரையில் மணிக்கூட்டுப் பெடியன் சுவருக்கு வெளியே வந்து நிற்கிறான். உள்ளே விடமாட்டார்கள். பையிலிருந்த மணிக்கூட்டை முறுக்கி அடிக்கவிடுகிறான். அவள் இந்தப் பக்கம் சுவரில் உள்ளங்கையை வைத்திருக்கிறாள். நான் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டிருந்தேன். மாகின் திரையைப் பார்க்கவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் நாடிவரை ஓடியது, துடைக்கவில்லை. என்ன சொன்னாய் என்று ஒரு தடவையும் கேட்கவில்லை.

அந்தப் பகுதி முடிந்தது. அவள் டப்லெட்டைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தாள். படி ஏறும்போது இந்த முறை நான் பின்னாலே போனேன், விழுந்தால் பிடிக்கவேண்டும் என்றுதான். வாசலில் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இன்னும் ரெண்டு பகுதி இருக்கு, திரேசா ஜான். வாற வியாழனும் வரட்டோ?"

"என்னட்டைக் கேக்காதை" என்றேன். "இது மகன்ரை வீடு. அவனைக் கேள். அவன்ரை நம்பர் உன்னட்டை இருக்குத்தானே."